உபகாரச் சம்பளம் உபகாரமல்ல!

(வேடசந்தூர் வட்டாரத்தில் மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய மாலைக் கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



பகல் ஷிப்டு முடிந்து மில் வேனிலிருந்து இறங்கி நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். வெங்காயக் காட்டிலிருந்து கரையேறி, கை கால் கழுவிய ஈரத்தோடு வந்திருக்கிறீர்கள். தலையில் இன்னும் பஞ்சு ஒட்டியிருக்கிற சகோதரிகளையும் பார்க்கிறேன். ஆகவே நேரத்தை வீணாக்காமல் விஷயத்திற்கு வருகிறேன்.

கூலியைப் பற்றி நான் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று வேறொரு பணத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். சர்க்கார் உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய பணம் அது. சட்டப் புத்தகத்திலும் பட்ஜெட்டிலும் எழுதப்பட்டிருக்கிற பணம். எழுதியிருப்பது நமக்குத் தெரியாததால் பாதி வழியில் நின்று போகிற பணம்.

நம் தாத்தன் காலத்தில் அதற்கு 'உபகாரச் சம்பளம்' என்று பெயர். இப்போது கல்வி உதவித்தொகை என்கிறோம். பெயர் மாறிற்று. ஆனால் யாரோ இரக்கப்பட்டுப் போடுகிற பிச்சை என்ற நினைப்பு மட்டும் மாறவில்லை. அந்த நினைப்பை இன்று இந்தக் கூட்டத்திலேயே குழி தோண்டிப் புதைக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

யார் வாங்கித் தந்தது?

இது எப்படி வந்தது தெரியுமா? 1942-ல் டாக்டர் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் இலாகா மெம்பராகப் பதவியேற்றார். அந்த வருஷம் அக்டோபரிலேயே தாழ்த்தப்பட்ட மக்களின் குறைகளைத் தொகுத்து வைசிராயிடம் மனுவாகக் கொடுத்தார். எங்கள் பிள்ளைகளின் மேல்படிப்புக்கு மத்திய சர்க்கார் பணம் ஒதுக்க வேண்டும் என்பது அதிலே முக்கியமான கோரிக்கை. 1944-ல் வெள்ளைக்கார சர்க்காரே அந்தத் திட்டத்தைத் தொடங்க வேண்டியதாயிற்று. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் தாழ்த்தப்பட்ட மாணவருக்கான உதவித்தொகை அன்று பிறந்ததுதான்.

மில் தோழர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். வாரத்திற்கு 54 மணி நேரமாக இருந்த ஆலை வேலையை 48 மணியாகக் குறைக்கும் மசோதாவை 1946-ல் கொண்டு வந்ததும் அதே அம்பேத்கர்தான். நம்முடைய எட்டு மணி நேர வேலையும் பிள்ளையின் உதவித்தொகையும் ஒரே நாற்காலியிலிருந்து, ஒரே போராட்டக் காலத்தில் வந்தவை. எட்டு மணி நேர வேலையை யாராவது உபகாரம் என்று சொல்வோமா? சொன்னால் சும்மா விடுவோமா? அப்படியிருக்க, இதை மட்டும் ஏன் உபகாரம் என்று நினைத்துக் கையைக் கட்டி நிற்கிறோம்?

என் கதை

என் சொந்தக் கதையை இரண்டு வார்த்தை சொல்லி விடுகிறேன். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன். அதற்கு மேல் படிக்கவில்லை. என் அப்பா கிணற்றுப் பாசனத் தோட்டத்தில் கூலி. அம்மா களையெடுப்பு. பத்தாவது தேறிய அன்று அப்பா தெரு முழுவதும் மிட்டாய் கொடுத்தார். அடுத்த வாரம் மேல்வகுப்பில் சேரப் பணம் கேட்டார்கள். பணம் இல்லை. மறு திங்கட்கிழமை ஒரு நூல் மில்லில் அப்ரண்டிஸாக நின்றேன்.

பதினோராம் வகுப்பு முதலே உதவித்தொகை உண்டு என்ற விதி அன்றைக்கும் இருந்தது. எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லவில்லை. பல வருஷம் கழித்துப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மனு எழுதுவதற்காக அந்த விதியைப் படித்தபோதுதான் எனக்கே விளங்கிற்று. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, தோழர்களே. அப்பா அதற்குள் காலமாகியிருந்தார். மகனைப் படிக்க வைக்க முடியவில்லையே என்ற குறையோடுதான் போனார். அது அவர் குற்றமில்லை என்று சொல்ல எனக்குச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

விதி என்ன சொல்கிறது?

மத்திய சர்க்காரின் 2021-ம் வருஷ விதிகளை எளிமையாகச் சொல்கிறேன். எழுதத் தெரிந்தவர்கள் குறித்துக் கொள்ளுங்கள்.

தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பிள்ளை பதினோராம் வகுப்பு, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், பி.ஏ., இன்ஜினீயரிங், டாக்டர் படிப்பு என எதில் சேர்ந்தாலும் உதவித்தொகை உண்டு. பெற்றோரின் வருமானம் வருஷத்திற்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. பணம் இரண்டு வகை. ஒன்று, திருப்பித் தராத படிப்புக் கட்டணம். மற்றொன்று, பிள்ளையின் கைச்செலவுக்கான படி. மொத்தச் செலவில் மத்திய சர்க்கார் 60 பங்கு, மாநில சர்க்கார் 40 பங்கு. முதலில் மாநிலம் தன் பங்கைக் கொடுக்க வேண்டும். அதன் பிறகே டில்லியின் பங்கு மாணவரின் பாங்கிக் கணக்கில் நேராக விழும். மலைவாழ் மக்களின் பிள்ளைகளுக்கு இதே போன்ற தனித் திட்டம் இருக்கிறது. அதில் பங்கு 75-க்கு 25.

பேகம்பூர் பக்கத்துத் தோல் ஷாப் தோழர்கள் வந்திருந்தால் கவனமாகக் கேளுங்கள். தோல் பதனிடுவோர், தோல் உரிப்போர், குப்பை பொறுக்குவோர், சாக்கடை போன்ற அபாயகரமான துப்புரவு வேலை செய்வோர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தனியாக ஓர் உதவித்தொகை உண்டு. வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு வருஷத்திற்கு 3,500 ரூபாய். இதற்குச் சாதி கேட்பதில்லை, மதம் கேட்பதில்லை, வருமான வரம்பும் இல்லை. தகப்பனோ தாயோ செய்கிற தொழிலுக்குச் சான்று இருந்தால் போதும். தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழிக்குள் நின்று கால் வெந்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

விதியில் நல்லது இருக்கிறது என்றேன். பொல்லாததும் இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் நான் சர்க்காரின் விளம்பரக்காரன் ஆகிவிடுவேன்.

புருஷனும் பெண்சாதியும் மில்லுக்குப் போகிறார்கள் என்று வையுங்கள். ஆளுக்குத் தினம் 400 ரூபாய் சம்பளம். மாதம் 26 நாள். பன்னிரண்டு மாதத்திற்கு இருவர் சம்பளமும் சேர்த்து 2,49,600 ரூபாய். வரம்புக்குள் இருக்கிறார்கள், பிள்ளைக்கு உதவித்தொகை உண்டு. சங்கம் பேசித் தினம் பத்து ரூபாய் கூட்டி வாங்கித் தருகிறது. இப்போது 2,55,840. வரம்பைத் தாண்டியாயிற்று! பிள்ளைக்கு ஒரு காசு கிடையாது. ஆளுக்குப் பத்து ரூபாய் கூலி உயர்ந்தால் பிள்ளையின் படிப்பு போய்விடும் என்றால் இது என்ன வரம்பு? ஒரு வருஷம் கூட லீவு போடாமல் இரண்டு பேரும் உழைத்தால் அது குற்றமா?

இதே நாட்டில் 2019-ல் உயர்சாதி ஏழைகள் என்று ஒரு பிரிவை உண்டாக்கி, அவர்களுக்குப் பத்து சதவீத ஒதுக்கீடு கொடுத்தார்கள். அங்கே ஏழை என்பதற்கு வரம்பு எவ்வளவு? எட்டு லட்சம்! அங்கே எட்டு லட்சம் சம்பாதிப்பவர் ஏழை. இங்கே நூல் மில்லில் இரவும் பகலும் நிற்கிற தாழ்த்தப்பட்ட தம்பதி இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் பணக்காரர்! இந்தத் தராசை யார் பிடித்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

படி எவ்வளவு? வீட்டிலிருந்து பி.ஏ. படிக்கப் போகிற பிள்ளைக்கு 2021 விதிப்படி வருஷத்திற்கு 3,000 ரூபாய். ஒரு நாளைக்கு எட்டு ரூபாய் சொச்சம். திண்டுக்கல் பஸ் நிலையத்தில் ஒரு டீக்கும் காணாது. பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கு 2,500 ரூபாய். நாளைக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. விலைவாசி ஏறினால் பஞ்சப்படி வேண்டும் என்று ஆலைக் கதவை மூடிப் போராடி வாங்கியவர்கள் நாம். பிள்ளையின் படிக்கும் பஞ்சப்படி வேண்டும் என்று கேட்க ஏன் வாய் வரவில்லை?

டில்லியின் கைவரிசை

உதவித்தொகையை ஒழிப்பதாக எந்த மந்திரியும் மேடையில் சொல்ல மாட்டார். விதியில் ஒரு வரியை மாற்றுவார்கள். அதுவே போதும்.

இந்தத் திட்டத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். ஐந்தாண்டுத் திட்டம் முடிகிற வருஷத்தில் ஒரு மாநிலம் எவ்வளவு செலவு செய்ததோ, அவ்வளவையும் அடுத்த காலத்தில் அந்த மாநிலமே சுமக்க வேண்டும். அதற்கு மேலே போவதை மட்டும் டில்லி கொடுக்கும் என்று பழைய விதி இருந்தது. கேட்க நியாயம் போலத் தோன்றும். விளைவு என்ன? அதிகப் பிள்ளைகளைப் படிக்க வைத்த மாநிலத்தின் தலையிலே அதிகச் சுமை. தமிழ்நாடு சுமக்க வேண்டிய தொகை ஏறத்தாழ 353 கோடியிலிருந்து 2017-ல் 1,526 கோடியாக ஏறிற்று. பிள்ளைகளைப் படிக்க வைத்ததற்குத் தண்டனை! நாடு முழுவதும் டில்லியின் பங்கு தேய்ந்து பத்துப் பதினோரு சதவீதத்திற்கு வந்தது. பல மாநிலங்களில் பணமில்லாமல் லட்சக்கணக்கான பிள்ளைகள் தவித்தார்கள்.

எதிர்ப்புக் கிளம்பிற்று. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். கட்சி வேறுபாடில்லாமல் மாநிலங்கள் கடிதம் எழுதின. 2020 டிசம்பர் 23-ல் மத்திய மந்திரி சபை இறங்கி வந்தது. ஐந்து வருஷத்திற்கு 59,048 கோடி ரூபாய், அதில் டில்லியின் பங்கு 35,534 கோடி என்று முடிவு செய்தார்கள். அந்த 60-க்கு 40 பங்கு வந்த கதை இதுதான். விதியை அவர்கள் மாற்றிக் கெடுத்தார்கள். நாம் மாற்ற வைத்துத் திருத்தினோம். இந்தப் பாடத்தை மறக்கக் கூடாது.

ஏனென்றால் வெட்டு நின்றுவிடவில்லை. 2022-ல் சிறுபான்மை மக்களின் பிள்ளைகளுக்கு ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கொடுத்து வந்த உதவித்தொகையை நிறுத்தினார்கள். எட்டாவது வரை கல்வி இலவசம்தானே என்று காரணம் சொன்னார்கள். பள்ளிக்கூடம் இலவசம், செருப்பும் பஸ் டிக்கெட்டும் இலவசமா? அதே வருஷம் சிறுபான்மை ஆராய்ச்சி மாணவருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகைக்கும் முற்றுப்புள்ளி வைத்தார்கள்.

பிறகு 2024-ல் என்ன நடந்தது? நம் கிராமப் பள்ளிகளுக்கு வர வேண்டிய சமக்ர சிக்ஷா திட்டப் பணம், 2024-25-க்கு மட்டும் சுமார் 2,152 கோடி ரூபாய், டில்லியில் நிறுத்தி வைக்கப்பட்டது. காரணம் என்ன? பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டம் என்று வேறொரு திட்டம். அதன் ஒப்பந்தத்தில் புதிய தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக நிறைவேற்றுவோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தமிழ்நாடு மறுத்தது. ஒரு திட்டத்தில் கையெழுத்துப் போடாததற்கு இன்னொரு திட்டத்தின் பணத்தை நிறுத்தினார்கள். 2025 மே மாதம் மாநில சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சட்டம் கொடுத்த 25 சதவீத இடமும் இந்த இழுபறியில் சிக்கிக்கொண்டது. அந்த வருஷம் பள்ளி திறந்து பல மாதம் கழித்து, அக்டோபரில்தான் அந்தச் சேர்க்கை நடந்தது. சண்டை கோட்டையில் நடந்தது. காத்துக் கிடந்தது நம் வாசலில் நின்ற குழந்தை.

1976-ல் அவசர நிலைக் காலத்தில், கேட்க ஆளில்லாத நேரத்தில், மாநிலத்தின் கையிலிருந்த கல்வியை இருவருக்கும் பொதுவான பட்டியலுக்கு மாற்றினார்கள். கயிற்றின் ஒரு நுனி டில்லிக்குப் போனது அன்றுதான். இன்று இழுக்கிறார்கள்.

மாநில சர்க்காரும் தப்பிக்க முடியாது. நாற்பது பங்கை நேரத்தில் கொடுக்காவிட்டால் அறுபதும் வராது என்பது விதி. டில்லியைக் கைகாட்டிக்கொண்டு இங்கே கோப்பைத் தூங்க வைத்தால், தூங்க வைத்தவர் யாராயிருந்தாலும் கேட்கத்தான் செய்வோம்.

கடனாளி ஆக்கும் வழி

உதவித்தொகை குறைந்தால் அந்த இடத்தில் என்ன முளைக்கும்? கடன் முளைக்கும். உலகத்திலேயே பணக்கார நாடு என்கிற அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே 1965-ல் உயர்கல்விச் சட்டம் கொண்டு வந்து ஏழை மாணவருக்கு உதவி செய்யத் தொடங்கினார்கள். நாளடைவில் கல்லூரிக் கட்டணம் மலைபோல் ஏற, உதவி மேடு போல நின்றுவிட்டது. இடையிலே இருந்த பள்ளத்தைக் கடனால் நிரப்பினார்கள். இன்று அந்த நாட்டு சர்க்காருக்கு மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் பட்ட கடன் 1.6 லட்சம் கோடி டாலருக்கும் மேலே. தலை நரைத்த பிறகும் கல்லூரிக் கடன் கட்டுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். கடன்பட்ட தொழிலாளி முதலாளியிடம் நிமிர்ந்து பேச முடியுமா? நமக்கு அந்த வழி வேண்டாம்.

நம் ஊரில் பள்ளத்தை நிரப்ப வருகிறவன் யார்? மில் ஏஜெண்டு!

ஒரு வீட்டில் நடந்தது

பேர் சொல்ல மாட்டேன். விவசாயக் கூலிக் குடும்பம். மூத்த பெண் ஒரு தனியார் கல்லூரியில் இரண்டாம் வருஷம். உதவித்தொகை வரவில்லை. கட்டணம் கட்டினால்தான் பரீட்சை என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அதே வாரம் ஏஜெண்டு வந்தார். மில் ஹாஸ்டலில் தங்கினால் சாப்பாடு, சம்பளம், கையில் முன்பணம் என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டி கட்டியாகிவிட்டது.

"ஏன் அக்கா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றேன்.

"என்ன தம்பி செய்யச் சொல்றீங்க? பீஸு கட்டாம வராதேன்னுட்டாக. வட்டிக்கு வாங்க எங்கிட்ட தோடு கூட இல்ல. அவ தங்கச்சியாவது படிக்கட்டும்" என்றார் அந்தத் தாய்.

விசாரித்தோம். அந்தப் பெண்ணின் மனு மஞ்சூர் ஆகித்தான் இருந்தது! பணமும் புறப்பட்டிருந்தது. பாங்கிக் கணக்கு ஆதாரோடு இணைக்கப்படாததால் திரும்பிப் போய்விட்டது. ஒரு நாள் பாங்கியில் நின்றிருந்தால் தீர்ந்திருக்கும் காரியம். அதைச் சொல்ல ஓர் ஆள் இல்லை. கணக்கைச் சரி செய்தோம். ஆனால் பரீட்சை முடிந்துவிட்டது, வருஷம் போய்விட்டது. அந்தப் பெண் இன்னும் மில்லில்தான் நிற்கிறாள். பதினெட்டு வயதில் நான் நின்ற அதே ஸ்பின்னிங் ஓரத்தில்.

தங்கையின் விஷயத்தில் விழித்துக்கொண்டோம். பன்னிரண்டாவது பரீட்சை எழுதும்போதே சான்றிதழ், பாங்கிக் கணக்கு எல்லாம் தயார். இன்று அவள் கல்லூரிக்குப் போகிறாள். பணம் வருகிறது. இரண்டு பெண்களுக்கும் அறிவில் வித்தியாசம் இல்லை, தோழர்களே. விதி தெரிந்த ஆள் ஒருவர் அந்த வீட்டுக்குள் ஒரு வருஷம் பிந்திப் போனதுதான் வித்தியாசம்.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது: ஊருக்கு ஒரு நோட்டு. காலனி, மேலத்தெரு, கீழத்தெரு எல்லாவற்றிலும் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகளின் பெயரை எழுதுங்கள். எந்தச் சாதிப் பிள்ளை என்று பார்த்து விடாதீர்கள். பிற்பட்டோருக்கும் மிகவும் பிற்பட்டோருக்கும் தனி உதவிகள் உண்டு. உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் விவசாயத் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் படிப்புதவி 2011 முதல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் 2022-லும், பையன்களுக்கு 2024-லும் தொடங்கிற்று. எந்த வீட்டுக்கு எது என்று பிரித்துக் கொடுப்பது நம் வேலை.

இரண்டாவது: சான்றிதழை முன்கூட்டியே வாங்குங்கள். கல்லூரி திறந்த பிறகு ஓடாதீர்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டுக்கும் கோடை விடுமுறையிலேயே இ-சேவை மையத்தில் மனுப் போடுங்கள். வருமானச் சான்றில் உள்ள தொகையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். விதி கேட்பது பெற்றோரின் வருமானத்தை.

மூன்றாவது: பாங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும். ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று பாங்கியிலேயே கேட்டு உறுதி செய்யுங்கள். இரண்டு கணக்கு இருந்தால் எதில் இணைத்திருக்கிறது என்று தெரிந்து வையுங்கள். பணம் அங்கேதான் போகும்.

நான்காவது: சேரும்போதே கேளுங்கள். மானேஜ்மெண்டு கோட்டாவில் சேர்ந்தால் மத்திய விதிப்படி உதவித்தொகை கிடையாது. கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால் உண்டு. இது தெரியாமல் புரோக்கர் பேச்சைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டு நிலத்தை இழந்த குடும்பங்கள் இருக்கின்றன. தகுதியுள்ள பிள்ளை முன்பணம் கட்டாமல் சேருவதற்கு அட்டை கொடுக்கவும் விதியில் வழி இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும்.

ஐந்தாவது: மனு எண்ணைப் பத்திரமாக வையுங்கள். பணம் வராவிட்டால் ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சொல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு நாள். ஒருவர் போனால் மனு. ஐம்பது பேர் போனால் கோரிக்கை!

இத்தனையும் செய்தால் இருக்கிற விதியின் பலன் கிடைக்கும். அதோடு நிற்கலாமா? கூடாது. இரண்டரை லட்ச வரம்பை எட்டு லட்சமாக உயர்த்து! விலைவாசிக்கேற்ப வருஷந்தோறும் படியை உயர்த்து! கல்லூரி திறக்கிற மாதத்திலேயே பணத்தைக் கொடு! ஒரு திட்டத்தின் பணத்தைக் காட்டி இன்னொரு திட்டத்தில் கையெழுத்துக் கேட்காதே! இவை நம் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வுக்கு அடுத்த வரியிலேயே இடம்பெற வேண்டும்.

தோழர்களே! நம் தகப்பன்மார் ரசீது கேட்கத் தெரியாமல் கந்துக்காரனிடம் ஏமாந்தார்கள். சங்கம் வந்த பிறகு சம்பளச் சீட்டைப் படிக்கக் கற்றோம். பிடித்தம் எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று கேட்கக் கற்றோம். இப்போது பிள்ளையின் உதவித்தொகைச் சீட்டையும் அதே கண்ணோடு படிப்போம். அது உழைத்தவன் வரியாகக் கட்டிய பணம். உழைத்தவன் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டிய பணம்.

கூட்டம் முடிந்ததும் கலைந்து போய்விடாதீர்கள். மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேஜையும் ஒரு நோட்டும் இருக்கின்றன. முதல் பக்கம் காலியாக இருக்கிறது. உங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம்.